நைனா என்று யாரைக் கூப்பிடுவது?

வண்டிக்கு நேரமானாலும் எனக்கு ஒரு டீ சொல்லாமல் நகராத என் பாவாவுக்கு,

அரக்கோணம் பிளாட்பாரத்தில் வளையல் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டீர்களே, நினைவிருக்கிறதா? "ஏம்பா வாத்தியாரே, ஜப்பான்ல ரவுடிங்க ஆபீஸ் வாசல்ல போர்டு மாட்டிகினு உக்காந்திருப்பாங்களாமே, நெசமா?"

நெசம்தான், விசிட்டிங் கார்டுகூட அடித்து வைத்திருந்தார்கள் என்றேன். "அடப்பாவி! நம்ம ஊரு நைனாவுக்கும் ஒரு போர்டு எழுதிக் குடுத்துடலாம். எழுத்துப்பிழை வராம நீ பாத்துக்கோ" என்றீர்கள். சிரித்த சிரிப்பில் திருத்தணி வண்டி வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை நாம். அன்றைக்குப் பாதி பதில்தான் சொன்னேன். மீதியைச் சொல்ல இப்போது வேளை வந்திருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் போடும் கடைகளில் யாருக்கு எந்த இடம் என்று ஒரு மனிதர் முடிவு செய்கிறார். அவர் அதிகாரியும் இல்லை, கோயில்காரரும் இல்லை. ஆனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'நைனா'. தெலுங்கு கலந்த எங்கள் பக்கத்தில் பெற்ற அப்பாவைக் கூப்பிடும் சொல் அது. வெற்றிலை பாக்கு, பழம், அடியில் ஒரு கவர் என்று தட்டு எடுத்துப்போய், "நைனா, நீங்க பாத்து செய்யணும்" என்று சொன்னால்தான் இடம். என் பாவாவும், அதாவது என் அக்காவின் வீட்டுக்காரரும், வருஷாவருஷம் போய்ச் சொன்னவர்தான்.

பாவா, நீங்கள் இல்லாமல் வரும் முதல் கிருத்திகை இது. வளையல் கடையை அக்காதான் போடப் போகிறாள். போன வாரம் அந்த 'நைனா'வின் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அக்கா, நைனா உங்களை ஒருவாட்டி தட்டு எடுத்துகினு வந்து பாக்கச் சொன்னாரு. அண்ணன் இருந்த அதே இடம் உங்களுக்குத்தான்."

"எந்த நைனா?"

"இன்னாக்கா தெரியாத மாதிரி கேக்குற? நம்ம நைனாதான்."

"என்னைப் பெத்த நைனா போய்ச் சேர்ந்துட்டாருப்பா. புதுசா ஒருத்தர் வேணும்னு நான் யாருகிட்டயும் கேக்கலியே."

அந்த ஆளுக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. "யோசிச்சு சொல்லுங்க" என்று எழுந்து போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்து, "ஏண்டா, பேசினது அதிகமோ?" என்றாள். அந்தக் கடை போனால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா?

இப்போது மீதிப் பதில். ஜப்பானில் அந்தக் கூட்டங்களை யாகுசா என்பார்கள். அவர்களுடைய வேர்களில் ஒன்று எங்கே இருக்கிறது தெரியுமா? கோயில் திருவிழாக் கடைகளில்! ஊர் ஊராகப் போய்க் கடை போட்டவர்களுக்கு ஒரு தலைவன் இருந்தான். யாருக்கு எந்த இடம், சண்டை வந்தால் யார் தீர்ப்பது, எல்லாம் அவன் கையில். அரசாங்கமே அவனை அங்கீகரித்தது. இன்னொரு வேர் சூதாடிகள். யாகுசா என்ற பேரே ஒரு சீட்டாட்டத்திலிருந்து வந்தது என்கிறார்கள். எட்டு, ஒன்பது, மூன்று என்ற எண்களின் ஜப்பானியப் பெயர்களைச் சேர்த்துச் சொன்னால் அந்தச் சொல். கூட்டினால் இருபது. அந்த ஆட்டத்தில் கடைசி இலக்கம்தான் கணக்கு, அதாவது பூஜ்யம். உதவாத சீட்டு.

ஊர் ஒதுக்கிய சாதியில் பிறந்தவர்கள், போக்கிடமில்லாதவர்கள், வேலை கிடைக்காத பிள்ளைகள் என்று ஊர் வேண்டாம் என்றவர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். சேரும்போது தலைவனோடு ஒரே மதுக்கிண்ணத்தில் குடிக்க வேண்டும். அதன் பிறகு அவன் அப்பா, இவன் பிள்ளை. தலைவனைக் குறிக்கும் சொல்லிலேயே பெற்றவர் என்ற பொருள் இருக்கிறது. பாவா, கிண்ணத்துக்குப் பதில் தட்டு என்று வைத்துப் பாருங்கள். நம் ஊர் தெரியவில்லையா?

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "போலீஸ் வர்றதுக்குள்ள அவரு வந்து நிப்பாருப்பா." உண்மைதான். மழையில் கடைகள் நனைந்தபோது தார்ப்பாயும் சாப்பாடும் அனுப்பினார். ஜப்பானிலும் பெரிய நிலநடுக்கம் வந்தபோது அந்தக் கூட்டத்தார் அரசாங்கத்தை முந்திக்கொண்டு சோறு கொடுத்தார்கள். வாங்கியவர்கள் நன்றியோடுதான் வாங்கினார்கள். ஆனால் அதே ஆட்கள் வேலைநிறுத்தத்தை உடைக்கப் போனார்கள், கடைக்காரர்களை மிரட்டினார்கள். அப்பா என்று கூப்பிட்டுவிட்ட பிறகு, ஏன் என்று எப்படிக் கேட்பது? தட்டை நீட்டும்போது உங்கள் மனதில் என்ன ஓடியது பாவா? நான் கேட்டதே இல்லை.

அங்கே நிலைமை மாறியது. போலீஸ் மட்டும் மாற்றவில்லை. கூட்டத்தின் ஆபீஸ் எங்கள் தெருவில் வேண்டாம் என்று சில ஊர்களில் அக்கம்பக்கத்தார் ஒன்றாகச் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள். பிறகு வந்த விதிகள், வாங்குகிறவனோடு நிற்காமல், கொடுக்கிறவர்களையும் பார்த்து 'கொடுக்காதே' என்றன. இன்று அந்தக் கூட்டங்களில் ஆள் குறைந்து, இருப்பவர்களிலும் பலர் கிழவர்களாகிவிட்டார்கள்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பொரிக்கடை, பொம்மைக்கடை, அம்மையார்குப்பத்திலிருந்து துண்டு கொண்டுவந்து விற்பவர் என்று ஒவ்வொருவராகப் பார்த்தாள். "நான் தட்டு எடுத்துகினு போவல. நீ போவியா?" இவ்வளவுதான் கேட்டாள். பொரிக்கடைக்காரர், "நீ ஒருத்தி போவலன்னா உன்னைத் தூக்கிடுவாங்க. எல்லாரும் போவலன்னா யாரைத் தூக்குவான்? திருவிழாவையா?" என்றாராம். நாளைக் காலை எல்லோரும் ஒன்றாக நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறோம், கடை இடங்களைப் பொதுவில் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கச் சொல்ல. மனுவை நான் எழுதியிருக்கிறேன். முதல் கையெழுத்து அக்காவுடையது.

என்ன நடக்கும் என்று தெரியாது. உங்கள் பழைய இடம் கிடைக்காமலும் போகலாம். எங்கே இடம் விழுந்தாலும் கிருத்திகை முடியும்வரை அக்கா பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம் பாவா. வளையல் அளவு பார்க்க எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊரிலும் ஊரே பயந்துகொண்டு அப்பா என்றோ அண்ணன் என்றோ கூப்பிடும் ஒருவர் இருப்பார். அடுத்த முறை அவரைப் பற்றிப் பேசும்போது, வீட்டில் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

உங்கள் பெண்சாதியின் தம்பி,
உங்களை மட்டும் மனசார பாவா என்று கூப்பிட்டவன்