நீச்சலுக்கு எடுத்த மீசை

கோப்பாய்,
புதன்கிழமை

அன்புள்ள மகன் நிருஷனுக்கு,

நல்லூரான் துணையில் இங்கே அம்மா, தங்கச்சி ஆரபி, நான் மூவரும் சுகம், பிரிஸ்பேனில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன், போன கிழமை அதில் சிலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம், அங்கே வருகிற வினோஜாவிடம் மிளகாய்த்தூளோடு கொடுத்து விடுகிறேன்.

இருநூறு மீற்றர் ஃப்ரீஸ்டைலில் நீ மயிரிழையில் தோற்ற அன்று உன் கழகத்து ஆட்கள் முகநூலில் உன் படம் ஒன்றைப் போட்டார்கள். தலை மொட்டை, மீசை இல்லை, கண் இரண்டும் சிவந்து போய், தோளில் வெள்ளைத் துவாய். நம் ஊரில் ஒரு மகன் இந்தக் கோலத்தில் நின்றால் தகப்பனுக்குக் காரியம் முடித்தவன் என்றுதான் அர்த்தம். வந்து கொள்ளி வைக்க முடியாத பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்த இடத்திலேயே மழித்துக்கொள்வதை என் கூடப்பிறந்தவள், கேதீஸ்வரி மாமி, எத்தனையோ வீட்டில் கண்டவள். படத்தின் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவள் வாசிக்கவில்லை. எனக்குப் போன் எடுத்திருக்கிறாள், அது சார்ஜ் இல்லாமல் கிடந்தது, அது போதாதா, அச்சுவேலியில் இருந்து ஓட்டோ பிடித்துவிட்டாள். அவளோடு வந்த மார்க்கண்டு மாமா வழியிலேயே பந்தல்காரனுக்கும் சொல்லிவிட்டார், அந்த மனுசன் எந்தக் காரியத்தையும் பிந்த விடமாட்டார்.

நான் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். மாமி படலைக்குள் நுழைந்ததும் அம்மாவைக் கட்டிப்பிடித்து, "ஐயோ மச்சாள், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே" என்று குழறி அழுதாள். எனக்குச் சற்று முன்தான் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தவள் அம்மா, ஆகவே போனது நானில்லை என்று அவளுக்குத் தெரியும். மிச்சம் நீ. தண்ணீர் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்றே நினைத்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். சத்தம் கேட்டு நான் மண்வெட்டியோடு ஓடிவர, மாமி என்னைக் கண்டு இன்னும் பெரிதாகக் கத்தினாள். ஆரபிதான் மாமியின் போனை வாங்கிப் படத்தைப் பார்த்து, பெரிய போட்டிக்கு முன் நீச்சல்காரர் உடம்பெல்லாம் மழிப்பார்கள், தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும் என்று விளங்கப்படுத்தினாள். பந்தல்காரனைத் திருப்பி அனுப்பியது தனிக்கதை.

தோற்ற கையோடு நீ இனி நீந்தமாட்டேன் என்று சொன்னபோது பிள்ளையார் கோயிலில் கற்பூரம் கொளுத்தியவள் அம்மா. தண்ணீர்ப் பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. இந்தச் சம்பவத்தோடு அந்தப் பயம் இரட்டிப்பாகும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் மறுநாள் காலை அவளாகவே, மழித்தால் எவ்வளவு நேரம் மிச்சம் பிடிப்பான் என்று கேட்டாள். ஒரு கண் சிமிட்டும் நேரம்கூட வராதாம் என்றேன். கொஞ்ச நேரம் தேங்காய் திருவினாள். பிறகு சொன்னாள், "அதுக்குப் போய்த் தலையையும் மீசையையும் குடுத்தவனே? அப்ப உவன் விடமாட்டான். விடுறன் எண்டது தோத்த கோவத்திலை சொன்னது. கொழும்புக்குப் பேர் குடுக்கச் சொல்லுங்கோ."

ஆகவே மகன், கொழும்பில் நடக்கிற தேசிய அணித் தெரிவுக்குப் பெயர் கொடுக்க இந்த மாத முடிவு வரைதான் நேரம் என்று ஆரபி சொல்கிறாள், கொடுத்துவிடு. எனக்கும் ஆசை நீ நீந்த வேண்டும் என்பதுதான், அம்மாவுக்குப் பயந்து இவ்வளவு நாளும் சொல்லவில்லை. அங்கேயும் தோற்றால் தோற்றுவிட்டு வா, வீடு பக்கத்தில்தானே. தோள் நோவுக்கு எண்ணெய் போடு, வெறும் வயிற்றோடு தண்ணீரில் இறங்காதே. திரும்ப மழிப்பதென்றால் முதலில் மாமிக்கு ஒரு போன் எடு.

கீரிமலைக் கேணியில்தான் நீ நீந்தப் பழகினாய். என் சாம்பலோடு அங்கே வரும் நாளும் ஒன்று இருக்கிறது, அன்றைக்கு எனக்காக மழி. அதுவரைக்கும் நீந்துவதற்கு மட்டும் மழி.

முருகன் உன்னோடு இருப்பான். அம்மாவின் முத்தங்கள்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கிற உன் அப்பா,
கனகலிங்கம்