பூண்டுப் பாத்தியில் ஏரியின் ஓடுகள்

நவ. 3, திங்கள்
காலையிலிருந்து தூறல். பனிமூட்டம். எதிர் மேடு தெரியவில்லை.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என் தலைப்பு முடிவாகிவிட்டது. கடலோரத்து அலையாத்திக் காட்டுச் சேற்றில், கண்ணுக்குத் தெரியாத ஓட்டு உயிர்கள் உண்டாம். தண்ணீர் ஓரத்தில் ஒரு வகை, மேட்டில் வேறு வகை. உயிர் செத்தாலும் ஓடு மண்ணிலேயே கிடக்கும். அதை வைத்து, முன்பு தண்ணீர் எதுவரை நின்றது என்று சொல்லிவிடலாமாம்! "கடலுக்கு எங்க போவ? உங்க கூக்கால் ஏரியிலயே பாரு. அதே மாதிரி ஓட்டு அமீபா கெடக்கும்," என்றார் தெரசா மிஸ்.

எடுத்த மண்:
1. ஏரி விளிம்பு
2. கரை மேட்டுப் புல்தரை
3. எங்கள் வீட்டுப் பின்புறம், பூண்டுப் பாத்தி

மூன்றும் மாத்திரை டப்பாவில். பஸ்ஸில் ஒன்று ஒழுகி, சீட்டெல்லாம் சேறு. கண்டக்டர்: "யாரும்மா அது, பஸ்ஸுக்குள்ள நாத்து நடப் போறது?" ஒரே சிரிப்பு.

நவ. 5, புதன்
பலத்த மழை. மிஸ் லீவு.

மதியம் மைக்ரோஸ்கோப். 1-இல் மணல் துகள்களை ஒட்டிக் கட்டிய குடுவை போன்ற ஓடுகள். ஏராளம். எவ்வளவு அழகு! 2-இல் குடுவையே இல்லை. பொடிப்பொடியாக முட்டை வடிவம். மிஸ் சொன்னபடியே.

3-இல் குடுவைகள்.

கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன். குடுவைகள்தான். அப்படியென்றால் ஏரி ஒரு காலத்தில் எங்கள் பாத்தி வரை வந்திருக்கிறது. பாத்தியை ஒட்டித்தான் அடுப்படிச் சுவர். அம்மாவுக்கு எட்டாம் மாதம். தண்ணீர் வந்தால் இந்தச் சரிவில் அவளால் ஓட முடியாது.

சொன்னால் அம்மா பயந்துபோவாள். சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்?

நவ. 6, வியாழன்
மழை விடவில்லை. பள்ளி விடுமுறை. வழியில் மரம் விழுந்து பஸ்ஸும் இல்லை.

சொல்லிவிட்டேன். அப்பா பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். "அப்பா, முன்னாடி நம்ம வீடு வரைக்கும் ஏரி வந்திருக்கு. மண்ணுல ஓடு கெடக்குப்பா." அம்மா புடைப்பதை நிறுத்திவிட்டாள்.

அப்பா சிரித்த சிரிப்பு! "ஏத்தா, ஏரி வத்துன வருசம் நாந்தான் டிராக்டர்ல வண்டல் அள்ளியாந்து பாத்தியில கொட்டுனேன். ஏரி இங்க வரல தாயி. டிராக்டர்தான் வந்துச்சு."

வண்டல்! இங்கே எல்லோரும் போடுவதுதான். மண் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. வெட்கம். ஆனால் அப்பாடா.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வண்டல் கெடக்கட்டுங்க. இனிமே வராதுன்னு யாரு சொன்னா?"

சாயங்காலம் அப்பா குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு கரைப் பக்கம் போனார். வெறுங்கையோடு வந்தார்.

நவ. 7, வெள்ளி
விடிந்தும் இருட்டு. மழை.

தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க, அப்பா குச்சியைப் பாத்திக்குக் கீழே புல்லில் நட்டிருக்கிறார். இப்போது புல்லைக் காணோம். குச்சி தண்ணீரில் நிற்கிறது.

"வெரசா கெளம்புங்க, மேல சித்தப்பா வீட்டுக்குப் போயிருவோம்." அப்பா பசுவை அவிழ்க்கிறார். கை முடிச்சில் சிக்குகிறது. யாரும் சிரிக்கவில்லை.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். எனக்குப் பயம் என்பது அவளுக்குத் தெரியக் கூடாது.