மாலை போட்ட என் படம்

அம்மா,

நேற்று சாயங்காலம் உன் டிரங்குப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினேன். உன் படம் ஒன்றாவது அகப்படாதா என்றுதான். கிழிந்த ரவிக்கைகள், அப்பாவின் பெல்ட், கரைந்து மெலிந்துபோன அந்துருண்டை. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய புடவையில் சுற்றி, என் படம் இருந்தது. கண்ணாடியில் என் நெற்றிக்கு நேராக நீ வைத்த குங்குமப் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். முழுதாகப் போகவில்லை.

நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. போனவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்கிறார்கள். எனக்கு அந்த மனசு வரவில்லை. வரும்போது வரட்டும்.

நாம் பாடியில் குடியிருந்தபோதுதான் எனக்கு அந்த நோய் வந்தது. அப்பாவைக் கொண்டுபோனதும் அதுதான் என்பதால், என் இருமலைக் கேட்டதுமே உனக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காமல் வீட்டில் மருந்து கொடுத்தே குணமாக்க முடியுமா என்று பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. யார் யாரையோ கெஞ்சி என்னை அதில் சேர்த்தாய். குமட்டும் மாத்திரைகளை வெல்லத்தைக் காட்டி விழுங்க வைத்தாய். துப்பினால் முதுகில் ஒன்று வைத்து, இன்னொன்றை எடுத்து நீட்டினாய். என்னைப் பிழைக்க வைக்க நீ பட்ட பாட்டை நான் இல்லை என்று சொல்லவில்லை.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று பார்க்க அந்த ஆராய்ச்சிக்காரர்களிடமிருந்து ஒரு அம்மா ஜீப்பில் வருவார். உயரமாக, வெள்ளைப் புடவையில், எப்போதும் அவசரமாக. ஜீப் தெருமுனையில் நின்றதுமே பிள்ளைகள் "டிபி ஜீப்பு, டிபி ஜீப்பு" என்று நம் வீடுவரைக்கும் ஓடிவரும். பக்கத்து வீட்டுக் கதவுகள் சாத்திக்கொள்ளும். அந்த அம்மாவுக்கு இது உறைக்கவே இல்லை. நோயின் பேரை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதே போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் தேறினேன். கன்னத்தில் சதை வைத்தது. இனிமேல் மருந்து வேண்டாம் என்றார்கள். ஆனால் ஜீப் நிற்கவில்லை. குணமானவர்களையும் சில வருஷங்களுக்கு விடாமல் பார்த்து வர வேண்டுமாம். அன்று நீ வாசலை மறித்துக்கொண்டு கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அதான் நல்லா ஆயிட்டாளே. நல்லா கீறவள இன்னாத்துக்குத் தேடினு வரீங்க?"

"நல்லா இருக்கிறவங்களத்தான்மா பார்த்துக்கிட்டே இருக்கணும். சில பேருக்குத் திரும்பி வரும். ஆரம்பத்துலயே புடிச்சிட்டா ஒண்ணும் ஆகாது. இந்த மருந்து நின்னு வேலை செஞ்சுதான்னு எங்களுக்கும் வேற எப்படித் தெரியும்?"

அவர் சொன்னதில் முதல் பாதி எனக்காக. உன் காதில் விழுந்தது இரண்டாவது பாதி மட்டும்தான். "அவங்க பரீட்சைக்கு எம்பொண்ணா கெடச்சா?" என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தாய். கொஞ்ச நாளில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பருத்திப்பட்டுக்கு வீடு மாறினோம். ஆவடி குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்கப் போனாய். எனக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்தாய். ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய், நாற்காலியின் முதுகைப் பிடித்து நிற்க வைத்து, என்னைப் படம் எடுத்தாய். இரண்டு பிரதி. ஒன்று குத்தம்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. சேர்ந்து எடுத்துக்கொள்வோம் என்று நான் கூப்பிட்டதற்கு, "என்ன யாரு கட்டிக்கப் போறான்?" என்று சிரித்தாய்.

ஆனால் அந்த அம்மா நம்மைக் கண்டுபிடித்துவிட்டார். பாடியில் பால்காரரைக் கேட்டு, ஆவடியில் ரேஷன் கடையில் கேட்டு, ஒருநாள் காலையில் வந்து நின்றார். நான் பின்னால் ஓலைத் தடுப்புக்குள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். சீயக்காய் கண்ணில் இறங்கிக்கொண்டிருக்க, உன் குரல் கேட்டது.

"அவ பூட்டாம்மா. போன மாசம். மஞ்சக்காமால."

அதோடு விட்டாயா? அழுதாய். எனக்காக, நான் பத்தடி தள்ளி ஈரத்தலையோடு நிற்கையில், மாரடித்துக்கொண்டு அழுதாய். அந்த அம்மாவும் உன்னோடு சேர்ந்து அழுதார். டாக்டரோடு ஒருமுறை வந்து விசாரிப்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் உன்னைக் கேட்டேன், வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். நீ அசையவில்லை. "ஒனக்கு ஒரு வாய்க்கை அமையணும்னுதான்டி சொன்னேன்" என்றாய். பிறகு எதையோ யோசித்தவளாய்ச் சுவரைப் பார்த்தாய். "செத்த ஊட்ல படம் இல்லாம இருந்தா நம்புவாங்களா?"

மிச்சம் இருந்த பிரதியைச் சட்டம் போட்டு மாட்டினாய். டாக்டர் வருகிற அன்றைக்குச் சாமந்தி மாலை வாங்கிப் போட்டு, குங்குமம் வைத்து, விளக்கேற்றிவிட்டு என்னை ஏரிக்கரைக்கு விரட்டினாய். ஜீப் வந்ததையும் போனதையும் அங்கே உட்கார்ந்து பார்த்தேன். திரும்பி வந்தபோது நீ சந்தோஷமாக இருந்தாய். "அந்தம்மா ஒன் படத்தப் பாத்து கையெடுத்துக் கும்புட்டாங்கடி" என்றாய். அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டார் வந்து படத்தைக் கழற்றியிருந்த அதே ஆணிக்குக் கீழே பாயில் உட்கார்ந்தார்கள். படத்தைவிட நேரில் நன்றாக இருக்கிறேன் என்றாள் மாமியார்க்காரி.

வாழ்க்கை அமைந்தது. பிள்ளை பிறந்து, அவன் தவழ ஆரம்பிப்பதற்குள் இருமல் வந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கே போவேன்? என்னைத் தெரிந்த ஒரே இடத்தில் நான் செத்தவள். சளி என்றேன், சூடு என்றேன், முந்தானையில் துடைத்து மறைத்தேன். ரத்தத்தை மறைக்க முடியவில்லை. என் புருஷன் என்னை உன் வாசலில் விட்டுவிட்டு, விடுவிடுவென்று திரும்பி நடந்தார். பிள்ளையைத் தரவில்லை. பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டார். என் மகன் இப்போது யாரை அம்மா என்று கூப்பிடுகிறானோ, அவளும் நல்லவள்தான் என்று கேள்வி.

வேறு வழியில்லாமல் முன்பு மருந்து தந்த அந்த இடத்துக்கே போனேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "உங்கம்மா வேற என்ன சொல்லியிருந்தாலும் நான் திரும்ப வந்திருப்பேன்மா. ஊர்ல இல்லன்னா வந்திருப்பேன். கதவ சாத்தியிருந்தாலும் வந்திருப்பேன். இதச் சொன்னதாலதான் விட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

இந்த முறை ஊசியும் மருந்துமாக நெடுநாள் இழுத்தது. நீதான் பார்த்துக்கொண்டாய். முட்டை வாங்கி வந்து பச்சையாகக் குடிக்க வைத்தாய், ராத்திரியெல்லாம் முதுகைத் தடவினாய். நான் தேறத் தேற நீ இருமினாய். வீட்டில் இருக்கிற எல்லோரும் வந்து எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டார். உன்னைக் கூப்பிட வீட்டுக்கே வந்தார். ஜீப் சத்தம் கேட்டால் நீ பின்பக்கமாக ஏரிக்கரைக்குப் போய்விடுவாய்.

"அந்தம்மா மூஞ்சில நா எப்டிடி முழிப்பேன்?"

அவர் மறந்துவிட்டார் என்றேன். கோபம் இல்லை என்றேன். காலில் விழுந்தேன். "நீ போடி, நீ நல்லாரு" என்பாய். அந்த ஒரு பொய்க்கு வெட்கப்பட்டே நீ செத்தாய், அம்மா. நோய் அல்ல உன்னைக் கொன்றது. மருந்து இருந்தது. கொடுக்க ஆளும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வருகிறது. நாலு எட்டு வேகமாக நடந்தால் இளைக்கிற நெஞ்சையும் இந்த ஆத்திரத்தையும்தான் நீ எனக்கு விட்டுப்போனாய்.

நேற்று மத்தியானம் அந்த அம்மா வந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார், இப்போது ஜீப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வருகிறார். என்னை எடை பார்த்துவிட்டு, "அம்மாவக் கூப்பிடு. இன்னிக்காவது ஓடாம நிக்கச் சொல்லு" என்று சிரித்தார்.

"அம்மா போய்ட்டாங்கம்மா" என்றேன்.

சிரிப்பு நின்றது. அவர் கண்கள் என்னைத் தாண்டிச் சுவருக்குப் போயின. அந்த ஆணி அங்கேயேதான் இருக்கிறது. அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, என் மனசு நோகக்கூடாது என்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"நெஜமாவாம்மா?"

அவர் போன பிறகுதான் உன் பெட்டியைக் கவிழ்த்தேன். மாலை போட உன் படம் ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை. இருப்பது என்னுடையதுதான்.