பைனாவின் குழந்தை கிடக்கும் மேட்டில் தார் போட வேண்டாம்

அனுப்புநர்
வெர்டெல் மங்கின்,
பிரசவச் செவிலி,
ஹால்கட் தீவு, தென் கரோலினா.

பெறுநர்
கட்டட அனுமதி அலுவலர் அவர்கள்,
பெல்மூர் வட்டாரம்.

பொருள்: பழைய நெல்தோட்டத்தின் கிழக்கு மேட்டில் திருமண மண்டபத்துக்கு வாகன நிறுத்தம் அமைக்க அளித்த அனுமதியை நிறுத்திவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்படி மேட்டில் கல்லறை ஏதும் இல்லை என்பதால் அனுமதி வழங்கியதாகத் தங்கள் அலுவலகம் எனக்கு எழுதியுள்ளது. அங்கே ஒரு குழந்தை புதைக்கப்பட்டிருக்கிறது. புதைத்தவள் நான்.

சென்ற மாதம் மேட்டை ஒட்டிய பழைய வாய்க்காலைக் கடக்கையில் வழுக்கி விழுந்தேன். எழுந்தபோது மண்டபம் இல்லை, சாலை இல்லை. கண்ணுக்கெட்டிய வரை நெல். மனிதரை வாங்கி விற்ற காலம் அது என்பது எனக்கு உறைக்குமுன், குதிரைமேல் இருந்த மேற்பார்வையாளர் என்னைப் பார்த்துவிட்டார். நான் யார் என்று அவர் கேட்கவில்லை. என் கறுப்பு நிறமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. "என்னடி வேடிக்கை? களைக்கொட்டை எடு" என்றார். எடுத்தேன்.

எனக்கு அடுத்த வரிசையில் களையெடுத்தவர் பைனா. பிள்ளை பெற்று ஒரு வாரமாகியிருந்த உடம்பு. மேல்சட்டை பாலில் நனைந்திருந்தது. குழந்தை வரப்பில் சாக்கின்மேல் கிடந்தது. "காலைலேர்ந்து வாயே தொறக்கல. நீ கொஞ்சம் பாரேன் அக்கா" என்றார். பார்த்தேன். தாடை இறுகிவிட்டிருந்தது. அறுத்த தொப்புள்கொடி வழியே மண்ணிலிருந்து ஏறும் நோய் அது. தாய்க்குத் தடுப்பூசி போட்டால் இன்று அண்டாது. இந்தத் தீவில் எத்தனையோ பேருக்கு நானே போட்டிருக்கிறேன். அன்று என் கையில் களைக்கொட்டு மட்டுமே இருந்தது. உச்சிவெயிலில் குழந்தை என் மடியில் அடங்கியது.

அடக்கத்துக்குப் போகப் பைனாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. "உன் வரிசை முடியட்டும்" என்ற மேற்பார்வையாளர், களையெடுக்கத் தெரியாத என்னைக் கொண்டுபோகச் சொன்னார். பைனா குனிந்தபடியே, "தண்ணி ஏறாத எடமா, மேட்டுல வை அக்கா. மேல சிப்பி அடுக்கு. யாரும் மிதிக்காமப் பாத்துக்க" என்றார்.

கையால் தோண்டிப் புதைத்து, எங்கள் தீவில் இன்றும் கல்லறைமேல் வைப்பதுபோலச் சிப்பி அடுக்கினேன். கை கழுவ வாய்க்காலில் இறங்கியவள் மறுபடியும் சறுக்கினேன். எழுந்தபோது சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. எந்த இடம் என்று அந்தத் தாயிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. இன்றும் அந்த வாய்க்காலில் இறங்கி இறங்கிப் பார்க்கிறேன். அது வெறும் தண்ணீராகவே இருக்கிறது.

இதைக் கேட்ட தங்கள் பணியாளர் ஒருவர், "கனவு கண்டதுக்கெல்லாம் வேலைய நிறுத்த முடியுமாம்மா?" என்று சிரித்தார். அவர்மேல் வருத்தமில்லை. என் தம்பி எஸக்கியேலும் நம்பவில்லை. நேற்று என்னோடு வந்து புல்லை விலக்கிப் பார்த்தான். சிப்பிகள் இருந்தன. நான் அடுக்கியவை மட்டுமல்ல. இருபுறமும், மரங்கள் வரைக்கும், சிறுசிறு அடுக்குகள். "அக்கா, இவ்வளவும் கொழந்தைங்களா?" என்றான். அதன்பின் கால் வைக்க இடம் தெரியாமல் நின்றுவிட்டான்.

திங்களன்று இயந்திரம் வருவதாக அறிகிறேன். என் பேச்சைத் தாங்கள் நம்ப வேண்டியதில்லை. ஒருமுறை நேரில் வந்து பார்த்து, பணியை நிறுத்தி, அந்த மேட்டை முறைப்படி ஆராய ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தங்கள் வரைபடத்தில் அது "காலி நிலம்" என்றுள்ளது. மற்றக் குழந்தைகளின் பெயர்களை நான் அறியேன். வரப்பில் ஒரு தாய் காதோடு கூப்பிட்ட பெயர் மட்டும் தெரியும். அதையாவது அந்த வரைபடத்தில் எழுதிக்கொள்ளக் கோருகிறேன்: ஜூபா, பைனாவின் மகள்.

இடம்: ஹால்கட் தீவு
நாள்: 14.03.2019

இங்ஙனம்,
வெர்டெல் மங்கின்
(ஒப்பம்)