தெரியாதெண்டு சொன்ன நாள்

மகள் வீட்டின் மேல்மாடிக்குச் சுவர் எழும்புகிறது. பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு மேசன்மார் புதுச் சுவருக்குத் தண்ணீர் அடிக்கும்போது, நனைந்த சீமெந்தின் வாசம் என் அறைக்குள் வருகிறது. உங்கள் சட்டைகளில் இருந்த வாசம் அது. எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. அது மூக்கில் பட்டதும் நீங்கள் வருகிறீர்கள். கூடவே, என்னிடம் மட்டும் சொல்லிவைத்த அந்த வெட்கமும் வருகிறது.

என்னைக் கலியாணம் முடித்துக் கல்முனைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் வயல்காரர். சம்மாந்துறைப் பக்கம் உங்கள் வாப்பாவின் வயல். வரம்புக்கு அடுத்த பக்கம் காரைதீவுத் தமிழ் ஆள் ஒருவரின் வயல். அவரை நீங்கள் மச்சான் என்பீர்கள், அவரும் உங்களை அப்படித்தான். வாய்க்கால் வற்றிய ஒரு போகத்தில், தன் வயலுக்கே போதாத தண்ணீரை வரம்பு வெட்டி உங்கள் பக்கம் விட்டவர் அவர். அந்த வருடம் நாங்கள் சாப்பிட்டது அவர் தந்த நெல் என்று நீங்களே சொல்வீர்கள்.

பிறகு சண்டை தொடங்கி, வயலுக்குப் போனவர்கள் திரும்பி வராத காலம் வந்தது. விளைந்த கதிர் வெட்ட ஆளில்லாமல் வயலிலேயே சாய்ந்தது. மகள் கைக்குழந்தை. நீங்கள் இராணுவத்தில் சேர்ந்தீர்கள். "மம்பட்டி புடிச்ச கைக்குத் துவக்கு என்ன பாரமா?" என்று சிரித்துவிட்டுப் போனீர்கள்.

ஒருமுறை லீவில் வந்தபோது சிரிப்பு இல்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கிணற்றடியில் இருந்தீர்கள்.

"என்ன நடந்த?" என்று கேட்டேன்.

"மச்சானப் புடிச்சிட்டாங்க. எனக்கு முன்னுக்குத்தான்."

நீங்கள் நின்ற சோதனைச் சாவடிக்கு அவர் சைக்கிளில் யூரியாப் பசளை மூடை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். குண்டு செய்யக் கொண்டுபோகிறான் என்று சந்தேகம். உங்கள் அதிகாரி உங்களைக் கூப்பிட்டு, இவனைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். வயல்காரன், பசளை வயலுக்குத்தான் என்று நீங்கள் சொல்லியிருந்தால் போதும். தமிழ் பேசுகிறவர் என்று உங்களையே அவர்கள் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

"தெரியாதெண்டு செல்லிட்டன்," என்றீர்கள். "அவர் என்னப் பாத்துக்கிட்டே நிண்டார்."

மாதங்கள் கழித்து அவரை விட்டார்கள். வலது கை தோளுக்கு மேல் எழும்பாது, இனி விதை எறிய மாட்டார் என்று சந்தையில் கேள்விப்பட்டு வந்து சொன்னேன். நீங்கள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தீர்கள்.

விலக முடிந்ததும் இராணுவத்தை விட்டு வந்தீர்கள். வயலுக்குத் திரும்பவில்லை. "அந்த வரம்பில எப்பிடிப் போய் நிக்கிற?" என்று அதைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மேசனுக்குச் சாந்து குழைக்கப் போனீர்கள். சில வருடங்களில் உங்களுக்குக் கீழே ஆட்கள் வேலை செய்தார்கள். கடல் வந்து ஊர்களை அள்ளிக்கொண்டு போன பிறகு, இந்தக் கரை முழுக்க வீடு கட்டினீர்கள். காரைதீவில் ஒரு வளவுக்கு அத்திவாரம் வெட்டப் போனால், வளவின் சொந்தக்காரராக அந்த மச்சானே நின்றார்.

"வாங்க மச்சான்" என்றாராம்.

அந்த வீட்டின் ஒரு கல்லையும் வேலையாட்கள் வைக்க நீங்கள் விடவில்லை; எல்லாம் உங்கள் கையாலேயே வைத்தீர்கள். கூரை போட்டு முடிந்த அன்றுதான் உங்களுக்கு வாய் வந்தது.

"என்னில கோபமில்லையா?"

"என்னத்துக்கு? என்னையும்தான் உள்ள வெச்சிக் கேட்டாங்க, சாவடியில நிண்ட அந்த முஸ்லிம் ஆளை உனக்குத் தெரியுமா எண்டு. தெரியாதெண்டன். தெரியுமெண்டா உங்களையும் சும்மா விட்டிருப்பாங்களா?"

"அதுக்கு அடிச்சாங்களா?"

"அதையேன் இப்ப கதைக்கிற."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி, கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் காணாத அழுகை அழுதீர்கள். "ரெண்டு பேரும் ஒரே சொல்லத்தான் சென்ன. நான் என்னக் காப்பாத்தச் சென்ன. அவரும் என்னக் காப்பாத்தத்தான் சென்னார்." பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, "புள்ளைகளுக்கு இதச் செல்லாத" என்றீர்கள். நான் சொல்லவில்லை. அதன் பிறகு நீங்கள் காரைதீவுப் பக்கமே போகவில்லை.

போன கிழமை மகள் உங்கள் இராணுவப் படத்தை மேல்மாடியில் மாட்டவென்று துடைத்துக்கொண்டிருந்தாள். "எங்கட வாப்பா ஒருத்தருக்கும் ஒரு அநியாயமும் செய்யல்ல" என்றாள். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். உங்கள் சொல்லை மீறியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவள் படத்தை மாட்டாமல் மடியில் வைத்தாள். "அவர் இப்ப இரிக்காரா உம்மா?"

"ஓம், இரிக்கார்."

இரண்டு பேரும் போனோம். நீங்கள் கட்டிய வீட்டு வாசலில் கிழவராக இருந்தார். யாரென்று சொன்னதும் எழும்பினார். முதலில் உங்களைத்தான் கேட்டார்.

"மச்சான் எப்பிடி? சுகமா இரிக்காரா?"

உங்களை அடக்கம் செய்து மூன்று நோன்பு மாதம் கழிந்துவிட்டது. ஊரெல்லாம் ஆள் அனுப்பிச் சொன்னோம். சில மைல் தள்ளி இருந்த அந்த மனிதருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை; அப்படி ஒருவர் உங்களுக்கு இருந்தது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, நானும் ஆள் அனுப்பவில்லை. உங்கள் வெட்கத்தை மறைக்கப் போய், உங்கள் மச்சானையே நாம் மறைத்துவிட்டோம்.

மகள்தான் மெதுவாகச் சொன்னாள். அவர் கதிரையில் திரும்ப உட்கார்ந்தார். இடது கையால் முகத்தைத் துடைத்தார்.

"எனக்கொரு சொல் அனுப்பியிருக்கலாமே தங்கச்சி," என்றார் என்னிடம்.

தொழுதுவிட்டு உங்களுக்காகக் கையேந்தும் ஒவ்வொரு முறையும் அவருடைய அந்த வார்த்தைதான் முதலில் வருகிறது.