சிங்கப்பூர் வெள்ளியா, நம்ம வெள்ளியா

அப்பா,

நேற்று மாசாய்க் கடைத்தெருவில் எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். காரில் வந்து உட்கார்ந்ததும் அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டத் தொடங்கிவிட்டேன். பாதி கிழிந்த பிறகுதான் உறைத்தது. இனி யாரிடம் மறைக்க? வீட்டில் விலை கேட்க ஆளில்லை. கட்டைவிரலில் ஒட்டிய பிசின் சோப்புப் போட்டும் போகவில்லை.

பாசிர் கூடாங்கில் ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கியே முதுகு வளைந்தவர் நீங்கள். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுநரின் சம்பளத்தில் வீடு நடத்தியதாலோ என்னவோ, எதை வாங்கி வந்து நீட்டினாலும் "எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். நான் தினமும் எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கியதும் அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. அவர்கள் பணத்தில் ஒரு வெள்ளி நம் பணத்தில் மூன்றுக்கு மேல் ஆயிற்றே.

"சிங்கப்பூர் வெள்ளியா, நம்ம வெள்ளியா?"

"நம்ம வெள்ளிதாம்பா. சேல்ல வாங்குனேன்."

உண்மையைச் சொன்னால் நான் வாங்கித் தரும் தீபாவளிச் சட்டை பீரோவை விட்டு வெளியே வராது. அதனால் பாதி விலை சொல்வேன், சில சமயம் கால்வாசி. அம்மா இருந்தவரை இந்தப் பொய்யில் அவரும் கூட்டு. அவர் போன பிறகு நான் தனியாகவே சமாளித்தேன். நீங்கள் நம்புகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காப்புறுதிக்கு மட்டும் நீங்கள் விலை பார்த்ததே இல்லை. வீட்டில் எது நின்றாலும் அந்த மாதக் கட்டணம் நிற்காது. அவர்கள் தந்த மருத்துவக் கார்டைப் பணப்பையில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தீர்கள். "நான் உனக்குப் பாரமா இருக்க மாட்டேன்மா. கார்டு இருக்கு" என்பீர்கள். வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்கும் அதன் பிறகு ஏற்றிய மருந்துகளுக்கும் கார்டே கட்டியது. அந்தப் பில்லைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பு, நோயையே ஜெயித்துவிட்டவர் சிரிப்பு.

பிறகு டாக்டர், இனி சிகிச்சை இல்லை, வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் வேறு மருந்து உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களுக்கோ ஒரு நிம்மதி.

"நல்லதாப் போச்சு. சன்னல் பக்கம் கட்டிலப் போட்டுடு. பஸ் சத்தத்தக் கேட்டுக்கிட்டே போயிடறேன்."

நீங்கள் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். ஷிப்டு மாறும் நேரத்தில் நம் வீட்டு வழியாகப் போகும் பேருந்துகளை எஞ்சின் சத்தத்தை வைத்தே இன்னாருடையது என்று சொல்வீர்கள். "அவன் கியரப் போட்டுக் கொல்றான் பாரு" என்று அலுத்துக்கொள்வீர்கள்.

அந்த வாரம்தான் கார்டின் குணம் எனக்குத் தெரிந்தது. மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற்றால் பணம் உண்டு. வீட்டில் படுத்தால் கட்டிலுக்கும் இல்லை, ஆக்சிஜன் இயந்திரத்துக்கும் இல்லை, வந்து பார்க்கும் தாதிக்கும் இல்லை. போனில் பேசிய பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். பிழைக்கவைக்கப் பணம் கட்டும் கார்டுக்குச் சாவென்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

வழி இல்லாமலும் இல்லை, அப்பா. மருத்துவமனையிலேயே ஒருவர் ஹோஸ்பிஸ் பற்றிச் சொன்னார். நன்கொடையில் நடப்பது. சாகக் கிடப்பவர்களை வீடு தேடி வந்து பார்ப்பார்கள். கட்டணம் கிடையாது. கட்டிலையும் இயந்திரத்தையும்கூட இரவலாகத் தந்தார்கள். அங்கிருந்து ஒரு மலாய்த் தாதி, நாம் மிஸ்ஸி என்று கூப்பிட்டவர், வந்து உங்கள் முதுகைத் துடைத்து, வலிக்கான மார்ஃபின் மருந்தை எப்படி அளந்து கொடுப்பது என்று எனக்குக் காட்டிவிட்டுப் போனார். அவர் காரைக் கிளப்பும் முன்பே நீங்கள் ஆரம்பித்தீர்கள்.

"எவ்வளவு?"

"ஒண்ணும் இல்லப்பா. ஓசி."

"மிஸ்ஸி வீட்டுக்கு வர்றது ஓசியா?"

"ஆமாப்பா."

"இந்தக் கட்டிலு?"

"அதுவும் சும்மாதான் குடுத்தாங்க."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு மெல்லச் சிரித்தீர்கள்.

"சேல்ல எடுத்தியாக்கும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருடமும் எல்லாம் தெரிந்தேதான் அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அம்மா மேல் சத்தியம் செய்தேன். "வாட்ச் வாங்குனப்பவும் அம்மா மேலதான் சத்தியம் பண்ண" என்றீர்கள். அடுத்த முறை வந்த மிஸ்ஸியையே சொல்லவைத்தேன். "பாயார் வேண்டாம், பாக்சிக்" என்று, பணம் கட்ட வேண்டாம் மாமா என்பதை, அவர் தமிழும் மலாயும் கலந்து பணிவாகச் சொன்னார். அவர் போனதும், "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அதன் பிறகு அவர் வரும்போதெல்லாம் வலியே இல்லை என்றீர்கள். வலி இருப்பது தெரிந்தால் அடிக்கடி வருவார், செலவாகும் என்று உங்களுக்குள் ஒரு கணக்கு.

ஒரு காலை நான் கஞ்சியோடு வந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். மூச்சு முட்டுகிறது, மருத்துவமனைக்குக் கொண்டு போ என்றீர்கள். மிஸ்ஸிக்குப் போன் செய்தேன். கிளம்பி வருகிறேன், அதுவரை காத்திருக்கச் சொல்லுங்கள் என்றார். நீங்கள் காத்திருக்க மறுத்துவிட்டீர்கள், காரில் ஏற்றிக் கொண்டுபோனேன். வார்டில் படுக்கவைத்து மூக்கில் குழாய் வைத்த பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள்.

"எனக்கு மூச்செல்லாம் முட்டலம்மா. இங்க படுத்தா கார்டு கட்டும். நீ விடியாம எந்திரிச்சுப் பாலத்துல நின்னு சம்பாதிக்கிற காசு. அது எனக்குப் போக வேணாம்."

"வீட்டுக்குப் போயிடலாம்பா. பஸ் சத்தம் கேக்கணும்னீங்களே."

"போதும்லா. எத்தன வருசம் கேட்டாச்சு."

கீழே பணம் கட்டும் இடத்தில் கூப்பிட்டார்கள். காப்புறுதியிலிருந்து பதில் வந்துவிட்டதாம். சிகிச்சை எதுவும் நடக்கவில்லை, வெறுமனே பராமரிப்புத்தான், அதற்குப் பணம் வராது. முன்பணம் கட்டச் சொன்னார்கள். என் வங்கி அட்டையை எடுத்து நீட்டினேன். உடனே உங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று மேலே வந்தால், அதற்குள் மூச்சு நிஜமாகவே திணறத் தொடங்கியிருந்தது. காரில் ஏற்றினால் வழியிலேயே உயிர் போய்விடும் என்றார் டாக்டர்.

நீங்கள் கண்ணைத் திறந்து கேட்டீர்கள்.

"கார்டு கட்டிருச்சா?"

"கட்டிருச்சுப்பா."

முகத்தைப் பார்க்கவில்லை, சிரிக்கவில்லை, எந்த வெள்ளி என்று கேட்கவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள். மறுநாள் மதியம் போய்விட்டீர்கள். அங்கே சன்னல் இருந்தது, திறக்க முடியாத கண்ணாடி. ஏர்கான் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கட்டிலை எடுத்துப்போக அந்த மிஸ்ஸி வந்தார். வாய் தவறி "எவ்வளவு?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். உங்கள் சாவுக்கு வராத அழுகை அப்போது வந்தது. நீங்கள் ஆசைப்பட்ட இடம் நம் வீட்டுச் சன்னலோரம், அப்பா. அதற்கு ஒரு காசும் ஆகியிருக்காது. என்ன சமாதானம் சொல்லிக்கொண்டாலும் இது ஆறவில்லை.

உங்களிடம் கடைசியாகச் சொன்ன பொய்யைத்தான் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அதை ஏன் நம்பினீர்கள் என்று யாரைக் கேட்பது?

இன்று சாயங்காலமும் பேருந்துகள் போயின. எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. புதுச் செருப்பு வாசலில் இருக்கிறது. சீட்டின் மீதிப் பாதியில் விலை அப்படியே இருக்கிறது, சுரண்டாமல் விட்டுவிட்டேன். எழுபத்தொன்பது, அப்பா. நம்ம வெள்ளிதான். நிஜமாகவே.