காலில் கிடந்த மெட்டி

ஞாயிறு, தெஹியோவிட்ட

இன்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, கல்யாணமானால் எடுக்கமாட்டார்கள் என்று அம்மாவிடம் மூன்று முறை சொன்னேன். காதில் வாங்கவில்லை.

தேத்தண்ணி கொடுக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா என் காலைப் பார்த்தார். நான் வேலை செய்யும் கடையில் என்னோடு இருக்கும் சிங்களப் பிள்ளைகள் அழகுக்குப் போடுகிறார்களே என்று நானும் வாங்கிய வெள்ளி மெட்டி.

"என்னங்க இது? புள்ளைக்கு ஏற்கனவே தாலி கட்டியாச்சா?"

"ஐயோ, இல்லீங்க. சும்மா ஸ்டைலுக்கு..." என்று அம்மா தடுமாறினார்.

"மெட்டியில என்னங்க ஸ்டைலு?"

தேத்தண்ணி ஆறுவதற்குள் அவர்கள் வேன் போய்விட்டது.

"விடு, புள்ள படிக்கட்டும்" என்றார் அப்பா.

"கழட்ட மறந்துட்டியாடி?" என்று அம்மா அழாத குறையாகக் கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

மறக்கவில்லை. காலையில் திருநீறு போட்டுப் பளபளவென்று துலக்கித்தான் மாட்டினேன்.